மல்கியா வந்துகொண்டிருக்கிறார்

வேதாகம அகராதியில் 'ம' வரிசை.
மக்பேலா தாண்டி, மம்ரே தாண்டி
இன்றைக்கு மல்கியாவில் நிற்கிறேன்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
பிழை திருத்தத்தான் கூலி,
கருத்துச் சொல்ல இல்லை.

பதிவு சொல்கிறது:
எபிரேயம். 'என் தூதன்'.
அடுத்த வரியிலேயே ஐயம்.
இது அவன் பேர்தானா,
பேர் தெரியாத ஒருவனுக்குத்
தொழிலையே பேராக எழுதிவிட்டார்களா?
பழைய கிரேக்கப் பெயர்ப்பில்
'அவருடைய தூதன்' என்று போய்விடுகிறது,
பேர் இருந்த தடமே இல்லாமல்.
அனுப்பு என்னும் வேர்வினை
எபிரேய வேதத்தில் எங்கும் தங்கவில்லை.
வடக்கே, உகரித்து என்ற இடிந்த ஊரின்
களிமண் பலகைகளில் கிடக்கிறது.
அனுப்புதல் அங்கே கிடக்க
ஆள் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறான்.
வேலை என்ற சொல்லும்
அதே வேரில் முளைத்ததுதானாம்.

என் காது தமிழ்க் காது.
மல்கியா என்றதும்
கண் மல்கிய, குளம் மல்கிய என்று
தன்பாட்டுக்கு ஓடுகிறது.
ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்து
அழித்தேன்.

ஒன்பதே முக்கால். லிங்கராஜபுரத்தில் மழை.
மேம்பாலத்தடியில் ஆட்டோக்கள்
முழங்கால் தண்ணீரில்.
பசித்தது. இரண்டு பரோட்டா, சால்னா சொன்னேன்.
கைப்பேசித் திரையில் வந்தது:
'மல்கியா உங்கள் உணவுடன் வந்துகொண்டிருக்கிறார்.'

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கிளியை விட்டோம், மேகத்தை, வண்டை,
நெஞ்சை,
காசைக்கூடத் தூது விட்ட மொழி இது.
போன கிளி வழியில் நனைந்ததா என்று
நான் படித்தவரை
ஒருவரும் கேட்கவில்லை.

வரைபடத்தில் ஒரு சின்ன வண்டி
ஹென்னூர் சாலையில் திரும்பியது,
நின்றது,
ஏதோ ஏரியின் நடுவே கொஞ்ச நேரம் ஓடியது.

செக்யூரிட்டி லிஃப்டில் விடமாட்டார்.
நாலு மாடி, ஈரச் செருப்பின் சத்தம்.
ரெயின்கோட் பைக்குப் போர்த்தியிருந்தது,
அவனுக்கு இல்லை.

"தமிழா?"
"கேஜிஎஃப்க்கா. மாரிகுப்பம்."
"யார் வச்ச பேரு?"
"அப்பாதான். மூத்தவன் ஏசாயா,
அப்புறம் ரூத்து, நடுவுல ரெண்டு தங்கல.
நான் பொறந்த வருசம் மைன்ஸ் மூடிட்டாங்க.
பழைய ஏற்பாட்டுக் கடைசிக்கே போயி
இதோட போதும்னு வச்சிட்டாரு."

என் வகுப்பில் ஒரு போதும்பொண்ணு இருந்தாள்.
வாத்தியார் கூப்பிடும்போதெல்லாம்
சிரிப்போம்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.
என் தூதன் என்று பொருள் என்றேன்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
அது பேரே இல்லை என்றும்
சில அறிஞர்கள் என்றேன்.

ஈரக் கையால் முகத்தைத் துடைத்தான்.
முகம் இன்னும் ஈரமானது.
"அப்ப, அப்பா எனக்குப் பேரே
வைக்கலையா?"

எந்த வீட்டிலோ குக்கர் மூன்று முறை கத்தியது.

"கீழ நோட்டுல, பேரு போடுற கட்டத்துல,
டெலிவரினுதான்கா எழுதிக்கிறாங்க."
சிரித்தானா, தெரியவில்லை.
படிக்கட்டு பல்பு ஒருவாரமாக எரியவில்லை.

"ஓடிபி சொல்லுங்கக்கா."
நாலு, ஏழு, ஒன்று, ஒன்று.

மூன்றாம் மாடிவரை செருப்புச் சத்தம்.
அதன்பிறகு மழை.

பதிவுக்குத் திரும்பினேன்.
'இஃது இயற்பெயரன்று எனக் கருதுவாரும் உளர்.'
ஒற்று சரி. புணர்ச்சி சரி.
கூலிக்கு அவ்வளவுதான் வேலை.
ஓரத்தில் பென்சிலால்
'மாரிகுப்பத்தில் இது பேர்தான்' என்று எழுதினேன்.
அச்சகத்தில் யாராவது அழித்துக்கொள்ளட்டும்.

அடுத்த பதிவு, மல்குஸ்.
வேலைக்காரன். ஒரு காது வெட்டுப்பட்டவன்.
பேரில் ஐயமில்லை.